நாற்பது சென்டிமீட்டர் குடலோடு ஒரு பிள்ளை

என் மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவன் சிறுகுடலை அறுவைச் சிகிச்சை முடிந்த அன்று அளந்தபோது நாற்பது சென்டிமீட்டர் இருந்தது. நிறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைக்கு அது இரண்டு, இரண்டரை மீட்டர் இருக்க வேண்டுமாம். மிச்சமெல்லாம் கறுத்துப் போய்விட்டது, எடுத்துவிட்டோம் என்று சர்ஜன் சொன்னபோது ஐசியு வாசலில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். என் கணவர் சவுதியில். அம்மா உடம்புக்கு முடியாமல் நாகர்கோவிலில். ‘ஷார்ட் பவல்’, அதாவது குறுகிப்போன குடல், என்று சர்ஜன் சொன்னதைக் காகிதம் கிடைக்காமல் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். தமிழில் இதைப் பற்றிப் படிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இப்போது எனக்குத் தெரிந்ததில் பாதியை யாராவது முதல் மாதமே சொல்லியிருந்தால் எவ்வளவோ பணம் மிஞ்சியிருக்கும், பிள்ளையும் இவ்வளவு வாடியிருக்க மாட்டான். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதில் வரும் அளவுகளெல்லாம் என் மகனுக்குச் சொன்னவை. உங்கள் பிள்ளையின் குடல் வேறு, கணக்கும் வேறாகத்தான் இருக்கும்.

முதலில் பச்சை வாந்தி. பிறந்து ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்தவன் ஒரு சாயங்காலம் பச்சையாகக் கக்கினான். பக்கத்து ஆஸ்பத்திரியில், ஏப்பம் எடுக்காமல் படுக்கப் போட்டதால்தான் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விடிவதற்குள் வயிறு பலூன் மாதிரி வீங்கி, மலத்தில் ரத்தம் வந்தது. மதுரைக்குக் கொண்டு போகும்போதே துவண்டுவிட்டான். கருவில் குடல் சரியான இடத்தில் பொருந்தாமல், பிறந்த பிறகு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைத்திருந்தது. பால் தயிராகத் திரிந்து வருவது வேறு. பச்சை நிறம் என்றால் பித்தநீர். பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், குடல் முறுக்கு இல்லை என்று ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்து உறுதி செய்கிற வரைக்கும் அதை அவசர அறுவைச் சிகிச்சைக்குரிய கேஸாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் செத்துவிடும். குழந்தைகள் சர்ஜன் இருக்கிற இடத்துக்கு அந்த ராத்திரியே போங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

அறுவை முடிந்ததும் நாலு விஷயங்களைச் சர்ஜனிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். எத்தனை சென்டிமீட்டர் மிச்சம், அது சிறுகுடலின் மேல்பாதியா கீழ்ப்பாதியா, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள வால்வு இருக்கிறதா, பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது. பிற்பாடு வருகிற எல்லாச் சாப்பாட்டு முடிவும் இந்த நாலில்தான் நிற்கிறது. கீழ்ப்பாதியின் கடைசித் துண்டு போய்விட்டால் பி12 வைட்டமினை உடம்பு வேறு எந்த இடத்திலும் எடுக்காது, பித்த உப்பையும் திருப்பி எடுக்காது. வால்வு போய்விட்டால் பெருங்குடல் கிருமிகள் மேலே ஏறும். பெருங்குடல் இருந்தால் தண்ணீரையும் உப்பையும் அது கொஞ்சம் மீட்டுத் தரும், செரிக்காமல் வருகிற மாவிலிருந்தும் சத்து எடுக்கும். என் மகனுக்குக் கீழ்ப்பாதியும் வால்வும் போய்விட்டன, பெருங்குடல் பாதிக்கு மேல் இருக்கிறது. இந்த ஒரு வரி எங்கள் ஃபைலில் வந்து சேர ஒரு வருஷம் ஆனது. புதிதாகப் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

அடுத்து டிபிஎன். நெஞ்சுக்கு அருகே பெரிய ரத்தக்குழாயில் ஒரு லைன் போட்டு, குளுக்கோஸ், புரதத்துக்கு அமினோ அமிலம், கொழுப்பு, உப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் நேராக ரத்தத்துக்கே கொடுப்பது. குடலைத் தொடாமல் ரத்தக்குழாய் வழியாகவே ஒரு குழந்தையை வளர்க்க முடியும் என்று 1968-இல் ஃபிலடெல்ஃபியாவில் டட்ரிக் என்ற சர்ஜன் குழுவினர் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் இப்படிக் குடல் போன பிள்ளைகளுக்கு வழியே இல்லை என்று ஒரு இளம் டாக்டர் என்னிடம் சொன்னார். அன்று எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் வெளிநாடுகளில் வீட்டிலேயே வைத்து டிபிஎன் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது, நமக்கு அது கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். அதாவது குடல் தானாகச் சாப்பாட்டை ஏற்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியே வீடு. எங்களுக்கு டிபிஎன் மட்டும் ஒரு நாளைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. படுக்கை, லேப், மருந்து எல்லாம் அதற்கு மேலே. என் நகை முழுக்கப் போனது. மாமனார் ரப்பர் தோட்டத்தை ஒற்றிக்கு வைத்தார். காப்பீட்டு அட்டை எதுவானாலும் அறுவைக்கு எவ்வளவு, அதற்குப் பின் ஓடப்போகிற டிபிஎன்னுக்கு எவ்வளவு என்று முதல் வாரமே தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பணம் வந்துவிட்டது என்ற நிம்மதியில் நாங்கள் இருந்தோம், செலவெல்லாம் அதற்கு அப்புறம்தான் இருந்தது. டிபிஎன் தயாரிக்கிற வசதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் உண்டு. கையில் பணம் இருக்கும்போதே விசாரியுங்கள், எல்லாம் கரைந்த பிறகு இடம் மாற்றுவது பிள்ளைக்கும் ஆபத்து.

லைன் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. 100.4 தாண்டினாலே லைனில் கிருமி ஏறியிருக்கலாம் என்று நினைத்து, உடனே ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, மருந்து தொடங்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. லைனைத் தொடுகிறவர் கை கழுவினாரா, மூடியை ஸ்பிரிட்டால் துடைத்தாரா என்று பாருங்கள், கேளுங்கள். நான் கேட்டதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு லைன் கிருமியால் போய், மறுபடி போட வேண்டி வந்த பிறகு எனக்கு அந்தக் கூச்சம் விட்டது. ஒரு சிஸ்டர் மட்டும், “கேளுங்கக்கா, நீங்க கேட்டாத்தான் நாங்களும் மறக்க மாட்டோம்” என்றாள். அவளை நான் மறக்கவே மாட்டேன்.

இரண்டாவது மாதம் கண் மஞ்சளாகி, மலம் வெளுத்தது. டிபிஎன் நாள்கணக்கில் ஓடினால் கல்லீரல் பாதிக்கும் என்று அப்போதுதான் தெரியவந்தது. சோயா எண்ணெய்க் கொழுப்பைக் குறைத்து, மீன் எண்ணெய் கலந்த கொழுப்புக்கு மாற்றினார்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடியதைச் சில மணி நேரம் நிறுத்தி ஓட்டினார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது. ‘இவனுக்கு எந்தக் கொழுப்பு ஏறுகிறது, டைரக்ட் பிலிருபின் எவ்வளவு’ என்று வாரம் ஒருமுறையாவது கேளுங்கள். டைரக்ட் பிலிருபின் என்பது கல்லீரல் பாதிப்பைக் காட்டுகிற ரத்த டெஸ்ட். கல்லீரலுக்கு நல்ல மருந்து, முடிந்த அளவுக்குக் குடல் வழியாகவே பால் போவதுதான்.

அந்தப் பாலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். குடலை வெட்டிவிட்டார்கள், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் நம் எல்லோருக்கும் தோன்றும். உண்மை நேர் எதிர். மிச்சமிருக்கிற குடலை உணவு தொட்டால்தான் அது விரியும், நீளும், உள்ளே இருக்கிற விரல் போன்ற மடிப்புகள் உயரும். முதல் இரண்டு வருஷத்தில் இது வேகமாக நடக்கும், அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். அதனால் அறுவைக்குப் பின் குடல் அசையத் தொடங்கியதுமே மூக்குக் குழாய் வழியாகப் பம்ப் வைத்து மணிக்கு ஒரு மில்லி தாய்ப்பால் தொடங்கினார்கள். ஒரு மில்லி! அதைப் பார்த்து நான் அழுதேன், இது என்ன பால் என்று. ஆனால் அந்த ஒரு மில்லிதான் மருந்து. தாய்ப்பாலில் குடலை வளர்க்கிற பொருள்களும் நோய் எதிர்ப்புச் சத்தும் இருக்கின்றன, வேறு எந்தப் பாலும் அதற்கு இணை இல்லை. பிள்ளை வாயில் குடிக்காதபோது பால் சுரப்பை நிறுத்தாமல் வைத்திருப்பது பெரிய பாடு. ராத்திரியும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சினால்தான் நிற்கும். அழுகையிலும் பயத்திலும் குறையும், மறுபடி வரும். பால் போதாதபோது, தாய்ப்பால் வங்கி இருக்கிற ஊர் என்றால் முதலில் அங்கே கேளுங்கள். கடைசியாகத்தான் அமினோ அமிலப் பால்பவுடர். எங்களுக்கு ஒரு டின் மூவாயிரத்துக்கு மேல் ஆனது, நாலு நாளில் தீர்ந்தது.

இனி சொல்லப்போவதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். அவனுக்கு வயிற்றில் ஸ்டோமா வைத்திருந்தார்கள், அதாவது மேல்குடலின் முனையை வெளியே திறந்து பை ஒட்டியிருந்தார்கள். பால் கூடியது, கலோரி கணக்குப்படி போனது, டயட்டீஷியன் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் ஏறவில்லை. வாரக்கணக்கில் ஒரே எடை. “பாலில் சத்துப் போதவில்லை” என்று பவுடர் கலந்தார்கள். பையில் இன்னும் அதிகமாகக் கொட்டியது. எனக்கு அந்த நாள்களில் இருந்த மனநிலையை மறைக்க விரும்பவில்லை. இவன் இவ்வளவு வேதனைப்படுவதைவிடக் கடவுள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு ராத்திரி வேண்டினேன். வேறொரு அம்மாவுக்கும் அப்படித் தோன்றினால், அவள் கெட்ட அம்மா இல்லை. தூக்கமில்லாமல், பேச ஆளில்லாமல் கிடக்கிறவள். யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

பிறகு சென்னையில் குழந்தைகள் கேஸ்ட்ரோ டாக்டர் ஒருவரைப் பார்க்கக் கிடைத்தது. அவர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “யூரின்ல சோடியம் பாத்தீங்களாம்மா?” என்பது. ரத்தத்தில் பலதடவை பார்த்திருந்தார்கள், நார்மல். சிறுநீரில் யாரும் பார்க்கவில்லை. சில நூறு ரூபாய் டெஸ்ட். லிட்டருக்குக் குறைந்தது முப்பது மில்லிமோல் இருக்க வேண்டும், இவனுக்குப் பத்தைக்கூடத் தொடவில்லை. ஸ்டோமா வழியாகப் போகிற தண்ணீரில் உப்பு ஏராளமாகப் போகும். உடம்பு ரத்தத்தில் சோடியத்தைக் குறையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்காகச் சிறுநீரில் ஒரு துளி உப்பையும் விடாது. உப்பில்லாத உடம்பு, எவ்வளவு கலோரி கொடுத்தாலும் வளராது. டாக்டர் கணக்குப் போட்டு உப்புக் கரைசல் எழுதிக் கொடுத்தார், பாலோடு பிரித்துப் பிரித்துக் கொடுத்தோம். பவுடர் கலப்பதை நிறுத்தச் சொன்னார். இரண்டே வாரத்தில் தராசு முள் அசைந்தது. ஆறு வாரம் பாலையும் பவுடரையும் பழி சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை, உப்பில் இருந்தது. ஸ்டோமா உள்ள பிள்ளை எடை ஏறாமல் நின்றால், ‘ஸ்பாட் யூரின் சோடியம்’ என்று நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆனால் நீங்களாக ஒரு சிட்டிகை உப்பும் பாலில் போடாதீர்கள், கைக்குழந்தைக்கு அளவு கூடினால் மூளைக்கே ஆபத்து. கூடவே துத்தநாகச் சத்தும் இப்படி வெளியேறும். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் சிவந்து தோல் உரிந்தால், புண் ஆறாமல் நின்றால், ஜிங்க் குறைவா என்று கேட்கலாம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். உள்ளே போனது எத்தனை மில்லி, பையில் வந்தது எத்தனை மில்லி, டயப்பர் எடை எவ்வளவு கூடியது, எத்தனை முறை சிறுநீர், காலையில் துணியில்லாமல் ஒரே தராசில் எடை. ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டோமா வழி வருவது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் நாற்பது மில்லியைத் தாண்டினால் பாலைக் கூட்ட வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சிலர் மேல்குடல் முனையிலிருந்து பையில் வந்ததை, வயிற்றில் திறந்திருக்கும் கீழ்க்குடல் முனைக்குள் மெதுவாகச் செலுத்தவும் செய்வார்கள். எங்களுக்கும் சிஸ்டர்கள் சில வாரம் செய்தார்கள், அடிக்குடலும் சோம்பாமல் இருக்கும், உப்பும் தண்ணீரும் வீணாகாது. நோட்டு இருந்தால் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் நம்மிடம் பேசுகிற விதமே மாறுகிறது. ‘கொஞ்சம் அதிகமாப் போகுது’ என்பதற்கும் ‘நேத்து இருநூறு, இன்னைக்கு முன்னூத்தி இருபது’ என்பதற்கும் கிடைக்கிற கவனம் வேறு.

ஸ்டோமாவை மூடிய பிறகு அடுத்த சோதனை, தோல். பித்த உப்பும் அமிலமும் கலந்த மலம் நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை போனால் பின்புறம் தீப்பட்ட மாதிரி ஆகிவிடும். வெட் வைப்ஸ் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மலத்தை மட்டும் துடைத்துவிட்டு அதன் மேலேயே இன்னும் பூசுங்கள், முழுக்கத் தேய்த்து எடுக்காதீர்கள். இதைச் சொன்னது பக்கத்துப் படுக்கை அம்மா. அவருக்கு என் மகன் சார்பில் நன்றி.

டிபிஎன் நின்று, வீட்டுக்கு வந்தபோது மூக்குக் குழாயோடுதான் வந்தோம். பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழி, ராத்திரி முழுக்கப் பம்ப். பம்ப் வாடகைக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இன்வெர்ட்டர் போட்ட பிறகே டிஸ்சார்ஜ் வாங்கினேன். வாய் விஷயத்தில் ஒன்று: மாதக்கணக்கில் குழாயில் சாப்பிட்ட பிள்ளைக்கு வாய் என்பது ஊசி, குழாய், மருந்து வருகிற இடம். சாப்பாட்டைக் கண்டால் ஓங்கரிப்பான். குழாய் இருக்கும்போதே தினமும் ஒரு சொட்டுத் தாய்ப்பால் நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், சூப்பத் தெரிந்தால் சூப்ப விடுங்கள். இவனுக்கு அது தாமதமாகத்தான் தொடங்கியது. ஒரு ஸ்பூன் கஞ்சி உள்ளே போக ஒரு வருஷம், மென்று விழுங்கவும் பழக்குகிற பேச்சுப் பயிற்சியாளரிடம் அலைந்தோம்.

இனி வீட்டுச் சாப்பாடு. குறுகிய குடலுக்கு முதல் எதிரி சர்க்கரை. இனிப்பான எதுவும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கொட்டிவிடும். வெள்ளைச் சீனி மட்டும் இல்லை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், பழச்சாறு, சத்துப் பானங்கள் எல்லாம் அதே கணக்குதான். எங்கள் ஊரில் ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் சும்மா போக மனம் வராது. “மக்களே, கொஞ்சம் மாதுளஞ்சாறு குடிச்சா ரத்தம் ஊறுமே” என்று ஒருவர், “கருப்பட்டி நல்லதுதானே” என்று ஒருவர். அன்பில் வருவதுதான், ஆனால் அரை டம்ளர் சாற்றுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. என் மாமியிடம் ஒருநாள் உட்கார்ந்து நோட்டைக் காட்டினேன். சாறு குடித்த நாள், குடிக்காத நாள், எடை. “இது எனக்கு முன்னமே காட்டியிருந்தா நான் யாரையும் கிட்ட விட்டிருக்க மாட்டேன் மோளே” என்றார். இன்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் காவல் நிற்பவர் அவர்தான். வீட்டில் பெரியவர் ஒருவரை நம் பக்கம் சேர்த்துக்கொள்வது பாதிச் சிகிச்சை.

இவனுக்கு ஒத்துக்கொண்டவை: நன்றாகக் குழைந்த சோறு, உப்புப் போட்ட கஞ்சி, முட்டை, நெத்தோலியும் சாளையும் முள் எடுத்து, கோழி, உருளைக்கிழங்கு, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) மாவுக் கூழ் இனிப்பில்லாமல். ஏத்தங்காய் மாவு மலத்தை இறுக்குகிறது என்பதை நோட்டிலேயே பார்த்தேன். சோற்றில் தேங்காயெண்ணெய் ஒரு ஸ்பூன். பித்த உப்புக் குறைவாக இருந்தாலும் செரிக்கக்கூடிய நடுத்தரக் கொழுப்பு அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் குடல் வளர மற்ற எண்ணெய்களும் வேண்டும், ஒன்றையே பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். ஒரே நேரத்தில் வயிறு முட்ட வேண்டாம், சின்னச் சின்னதாக ஆறேழு முறை. சாப்பாட்டோடு தண்ணீர் நிறையக் கொடுக்காமல், இடைவெளியில் கொடுப்பது இவனுக்குப் பலன் தந்தது.

குடிப்பதற்கு வெறும் தண்ணீர் நிறையக் கொடுத்தால் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அதனால் ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாக அது ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இருக்கிற ஓஆர்எஸ் பொட்டலமே வாங்குங்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே முழுசாகக் கரையுங்கள். அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், சோடியம் 75 மில்லிமோல். மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் ஓஆர்எஸ் என்ற எழுத்தோடு விற்ற இனிப்புப் பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு இருந்தது. கடைக்காரர் நல்லெண்ணத்தில் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார், இவனுக்கு ஊற்றிக்கொண்டு போனது. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் பின்பக்கத்தைத் திருப்பி, சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று படித்த பிறகே வாங்குங்கள்.

இரண்டரை வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாயசம் ஊட்டியிருக்கிறார்கள், சோறும் நிறைய. மறுநாள் நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, குடித்தவர் போல இருந்தான். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் வலிப்பு, மூளைக் காய்ச்சல் என்று யோசித்தார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, லாக்டேட் டெஸ்ட் நார்மல். சென்னை டாக்டரைப் போனில் பிடித்த பிறகுதான் தெரிந்தது, இது டி-லாக்டிக் அசிடோசிஸ். செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைத்து ஒருவகை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வழக்கமான லேப் டெஸ்ட் அளப்பது வேறு வகையை. மாவுச்சத்தை நிறுத்தி, பைகார்பனேட் ஏற்றி, கிருமிக்கு வாய் வழி மருந்து கொடுத்ததும் தெளிந்தான். குறுங்குடல் பிள்ளை தள்ளாடினால், குழறினால், காரணமில்லாமல் மந்தமானால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். நான் இதை அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி லேமினேட் செய்து அவன் பையில் வைத்திருக்கிறேன்.

கீரை விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பெருங்குடல் இருந்து, கொழுப்புச் சரியாகச் செரிக்காத பிள்ளைக்குச் சிறுநீரகக் கல் வரலாம். செரிக்காத கொழுப்பு, சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் தனியாகி ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அதனால் பாலக், தண்டுக்கீரை, நிலக்கடலை, முந்திரி, டீ எல்லாம் எங்களுக்கு அளவோடுதான். வருஷம் ஒருமுறை சிறுநீரக ஸ்கேன்.

மருந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: குடல் வளர உதவும் டெடுகுளுடைடு என்ற ஊசிக்கு ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினமும் போட வேண்டியது, அந்த விலை எங்களால் முடியாதது. குடலைக் குறுக்காக வெட்டித் தைத்து நீளமாக்குகிற ஸ்டெப் என்ற அறுவையும் உண்டு, குடல் விரிந்து போன பிள்ளைகளுக்கு. இவனுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் எங்கே செய்வார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு பத்தொன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. தோட்டத்தை இன்னும் மீட்கவில்லை, அவர் இன்னும் சவுதியில்தான். மூக்குக் குழாயை மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். எடை பதிமூன்று கிலோ. மாதம் ஒரு பி12 ஊசி, வாயில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், ஜிங்க், இரும்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர்ச் சோடியம். இந்த ஜூனில் எல்கேஜி சேர்த்தோம். சேர்க்கும்போது டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி மிஸ்ஸிடம் கொடுத்தேன். கேட்ட உடனே பாத்ரூம் விட வேண்டும், ஓஆர்எஸ் பாட்டில் மேசையிலேயே இருக்க வேண்டும், இடைவேளைக்கு முன்னாலும் டிபன் டப்பாவைத் திறக்கலாம், பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால் அவன் பங்கை என்னிடம் தர வேண்டும், இரண்டு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கோ, வாந்தியோ, காய்ச்சலோ, தள்ளாட்டமோ வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும். மிஸ் அதைப் படித்துவிட்டு அட்டையையும் ஒரு நகல் கேட்டு வாங்கி, வகுப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார்.